இடது பக்கத்துப் பூச்சு

பிப்ரவரி 11

அன்புள்ள கம்பிக்கு,

பதினாலு மாதம் கழித்து அண்ணி எழுதுகிறாள் என்றதும் கிழித்துப் போடக் கை பரபரத்திருக்கும். கிழிக்காதே, பின்பக்கமும் எழுதியிருக்கிறேன். போனில் கூப்பிடச் சொன்னார் உன் அண்ணன். போனில் என்றால் நீயும் நானும் ஒரே நேரத்தில் பேசுவோம், கேட்க ஆள் இருக்காது. காகிதத்தில் ஒருத்தி பேசும்போது இன்னொருத்தி வாயை மூடிக்கொண்டுதான் ஆக வேண்டும். எனக்கு அந்த ஏற்பாடு பிடித்திருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். பார்வையற்றோர் நூலகத்தில் ஒலிப்புத்தகம் கேட்பதற்கென்று ஒரு அறை கட்டியிருக்கிறார்கள். ஜூன் முதல் தேதி திறப்பு. நாளுக்குப் பத்து மணி நேரம் ஓடும். நாம் வீட்டில் செய்தோமே, அந்த மாதிரி ஸ்பீக்கர் இரண்டு ஜோடி வேண்டும் என்று நூலகர் அம்மாள் வந்து நிற்கிறார். நம் ஸ்பீக்கரை இசை மன்றத்தில் போட்டுக் காட்டிய அன்று முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்தான். இடது பக்கம் ‘டப்’ என்று அணைந்து கருகல் வாசனை வந்ததை நேரில் அனுபவித்தவர். இருந்தும் கேட்கிறார். ஏன் என்றேன். “அணையறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் அந்தக் குரல் என் பக்கத்து நாற்காலில உக்காந்து பேசிச்சும்மா. எங்க ஆளுங்களுக்கு அது வேணும்” என்றார். ஒரே ஒரு நிபந்தனை. ஐந்து வருஷத்துக்கு அதைத் திறந்து பழுதுபார்க்கிற வேலை இருக்கக் கூடாது.

அவருக்கு நான் விளக்கிய லட்சணத்தைக் கேள், தப்பிருந்தால் சொல். துளை போட்ட இரண்டு தகடு. நடுவில் தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு கனத்தில் விறைப்பாக இழுத்துக் கட்டிய மைலார் பிளாஸ்டிக் தாள். தாளில் மூவாயிரம் வோல்ட் சும்மா உட்கார்ந்திருக்கும். பாட்டுக்குத் தக்கபடி தகடுகள் அதை இப்படியும் அப்படியும் இழுக்கும், தாள் அசையும், குரல் வரும். மின்சாரம் தாள் முழுக்கப் பரவி நிற்க ஒரு பூச்சு வேண்டும். அந்தப் பூச்சில் மின்சாரம் ஓடக் கூடாது, ஊர வேண்டும். பூச்சு போய்விட்டால் அது ஸ்பீக்கர் இல்லை, பொட்டலம் கட்டுகிற தாள்.

ஐந்து வருஷம் தாங்குகிற பூச்சு எது என்பதுதான் இப்போது கேள்வி. பெயிண்ட் எத்தனை வருஷம் தாங்கும் என்று சோதித்துச் சொல்லத்தான் ஃபாக்டரியில் எனக்குச் சம்பளம். இதை நான் சொல்லாமல் யார் சொல்வது? வலது பக்கத்துக்கு நான் பூசிய கரைசல் பதினாலு மாதமாகத் தினமும் உழைக்கிறது. போன வாரம் நல்ல மழை, வீட்டில் சும்மா இருந்தபோது மின்தடை பார்க்கிற மெக்கர் வைத்து அளந்தேன். பூசிய அன்று காட்டிய அதே எண். என் கைவண்ணத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

ஆனாலும் நியாயம் என்று ஒன்று இருக்கிறது. இடது பக்கத்துக்கு நீ மூன்று நாள் உட்கார்ந்து கிராஃபைட் கரியைப் பஞ்சால் தேய்த்தாயே, அது இப்போது எப்படி இருக்கிறது? சண்டை நடந்த மறு மாதமே வேறு ஊரில் டிரான்ஸ்ஃபார்மர் ஃபாக்டரியில் வேலை என்று, வைத்த பேருக்குத் தக்கபடி கம்பி நீட்டிவிட்டாய். இடது ஸ்பீக்கரையும் வேனில் ஏற்றிக்கொண்டாய். அது இருக்கிறதா, கோழிக்கூண்டு ஆகிவிட்டதா? அளந்து எழுது.

அன்றைக்கு மைக்கில் நான் சொன்னதை இன்னும் மனதில் வைத்திருக்கிறாயாமே, உன் அண்ணன் சொல்கிறார். “இடது பக்கத்துப் பூச்சு என் நாத்தனார் கை. கரியைத் தேய்ச்சா இதான் நடக்கும்” என்றேன். நாற்பது பேர் சிரித்தார்கள். அவ்வளவுதானே? அதற்குப் போய் இவ்வளவு நாளா?

உன் அண்ணி

பிப்ரவரி 19

அண்ணிக்கு,

‘அன்புள்ள’ என்று தொடங்கினேன், கை வரவில்லை. வெறும் அண்ணியாக வைத்துக்கொள்ளுங்கள்.

கோழிக்கூண்டு ஆகவில்லை. கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் நிற்கிறது. கட்டிலில் ஏற நான் பக்கவாட்டில் நடக்க வேண்டியிருக்கிறது, அதைத் தவிர அதனால் ஒரு தொந்தரவும் கிடையாது. அளவு கேட்டீர்கள். தாளின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம், தேய்த்த அன்று எண்பது மெகா ஓம். நேற்று எண்பத்து நாலு. ஸ்விட்ச் போட்டு நாலு எண்ணுவதற்குள் முழுச் சத்தம் வந்துவிடுகிறது. இதுவரை ஓடியது இரண்டாயிரத்து அறுநூறு மணி நேரத்துக்கு மேல்.

இங்கே வந்த இரண்டாவது வாரம் சட்டத்தைத் திறந்தேன். கெட்டிருந்தது பூச்சு இல்லை. பூச்சுக்கு மின்சாரம் கொடுக்கிற செம்பு டேப் நாலு அங்குலத்துக்குப் பசை விட்டுத் தூக்கியிருந்தது. தூக்கிய இடத்தில் பொறி பறந்து ஓரம் கருகியிருந்தது. அந்த நாலு அங்குலத்தில் கரியோடு வேறு என்ன இருந்தது என்பதை நான் எழுதப் போவதில்லை. டேப்பை உரித்துப் போட்டேன். அந்த ஓரத்தில் மட்டும் மறுபடி கரி தேய்த்து, டேப்புக்குப் பதில் செம்புப் பட்டை வைத்துச் சட்டத்தோடு இறுக்கித் திருகினேன். பசையே கிடையாது. அன்றிலிருந்து நான் அதைத் திறக்கவில்லை.

உங்கள் எண்ணைப் பற்றி ஒன்று. மழை பெய்கிற வாரத்தில் அளந்துவிட்டு மெச்சிக்கொள்கிறீர்கள். உங்கள் கரைசல் காற்றில் இருக்கிற ஈரத்தைக் குடித்துத்தான் வேலை செய்கிறது. காய்ந்த நாளில் அளந்து பாருங்கள். வெயில் காலத்தில் சில நாள் சத்தம் கம்மியாக வந்திருக்குமே, பாட்டைப் பதிவு செய்தவனைத் திட்டியிருப்பீர்களே?

நாற்பது பேர் சிரித்தார்கள், அவ்வளவுதானே என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சிரிப்புக்கு எதிரே உட்கார்ந்திருந்தது நான். எனக்கு அவ்வளவுதான் இல்லை.

நூலகர் அம்மாளுக்கு என் வணக்கம்.

உங்கள் நாத்தனார்

மார்ச் 15

அன்புள்ள கம்பிக்கு,

நீ எழுதாவிட்டால் என்ன, நான் எழுதுகிறேன், அன்புள்ள.

பதிவு செய்தவனைத் திட்டியது உண்மை. உனக்கு யார் சொன்னது? உன் அண்ணனாகத்தான் இருக்கும். அந்த மனிதர் வாயில் எதுவும் தங்காது.

உன் கடிதம் வந்த மறுநாளே வேலையில் இறங்கினேன். ஃபாக்டரி சோதனைக்கூடத்தில் வெப்ப அலமாரி, ஈர அலமாரி, உலர் அலமாரி என்று மூன்று உண்டு. முப்பது துண்டு மைலார் வெட்டி, பாதியில் என் கரைசலும் பாதியில் கரியும் பூசி, மூன்றிலும் அடுக்கிவிட்டேன். மேலாளர் எட்டிப் பார்த்து “என்னங்க இது, கண்ணுக்கே தெரியலையே?” என்றார். “புது பெயிண்ட் சார். அவ்வளவு மெல்லிசு” என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

மூன்று வாரம் ஆயிற்று. இந்த வரியை எழுதுவதற்குள் எழுந்து போய் இரண்டு தடவை தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். நீ சொன்னது சரி. ஈர அலமாரியில் என் கரைசல் ராஜா மாதிரி இருக்கிறது. உலர் அலமாரியில் மெக்கர் முள் அசையவே இல்லை. வெப்ப அலமாரியில் கிடந்த துண்டுகளில் பாதி, வெளியே எடுத்து ஈரத்தில் வைத்த பிறகும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. உன் கரி மூன்றிலும் ஒன்றுபோல இருக்கிறது. பஞ்சால் துடைத்தேன், போகவில்லை. விரலால் தேய்த்தேன், விரலில் கறுப்புகூட ஒட்டவில்லை. தூளாக ஒட்டியிருப்பது உதிரும், தாளுக்குள் இறங்கித் தேய்ந்தது உதிராது என்று நீ அன்றைக்கே சொன்னாய். நான் அதற்கு ஏதோ கிண்டல் செய்தேன், என்ன கிண்டல் என்று ஞாபகமில்லை. நன்றாகத்தான் இருந்திருக்கும்.

ஆக, நூலகத்துக்குக் கரிதான். முடிவு செய்தாயிற்று. சிக்கல் என்னவென்றால் அது என் கைக்கு வரவில்லை. ஒரு பெரிய தாளில் இரண்டு நாள் தேய்த்தேன். அழுக்குக் கையோடு யாரோ சாய்ந்து நின்ற சுவர் மாதிரி இருக்கிறது. ஒரு பக்கம் பத்து மெகா ஓம், இன்னொரு பக்கம் ஆயிரம். நீ தேய்த்தால் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் வித்தியாசமே தெரியாது. ஆகவே மே மாதத்தில் கிளம்பி வா. மாடி அறையைக் காலி செய்து வைக்கிறேன். உன் அண்ணன் ஒவ்வொரு நாளும் காலையில் ஒரே வசனம்: “உங்க ரெண்டு பேர் வீட்லயும் பாதிப் பாட்டுதான் ஓடுது.” வயலின் எல்லாம் இடது பக்கத்தில் பதிவாகியிருக்கிறது. பதினைந்து மாதமாக நான் வயலினே கேட்கவில்லை.

டேப் ஓரத்தில் என்ன இருந்தது என்று ஏன் புதிர் போடுகிறாய்? சொல்லிவிட்டுப் போயேன்.

உன் அண்ணி

மார்ச் 24

அண்ணிக்கு,

மூன்று அலமாரி, முப்பது துண்டு. இவ்வளவு நேர்மையாகச் சோதிக்கத் தெரிந்த நீங்கள் அன்று மைக்கைப் பிடிப்பதற்கு முன் ஒரே ஒரு சட்டத்தைத் திறந்து பார்த்திருக்கலாம்.

உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். அந்த நாற்பது பேரில் பதினெட்டுப் பேருக்கு நான் ஆம்ப்ளிஃபயர் டிரான்ஸ்ஃபார்மர் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மறு வாரத்திலிருந்து ஒருவரும் என் பட்டறைப் படியேறி வரவில்லை. ஒருவர் மட்டும் வந்தார். முன்பணமாகக் கொடுத்திருந்த கம்பிச் சுருளைத் திரும்ப வாங்கிக்கொண்டு, “உங்க அண்ணியே அப்படிச் சொன்ன அப்புறம் என்னம்மா செய்யறது?” என்றார். நியாயமான கேள்வி. வேறு ஊரில் வேலை கிடைத்ததால் நான் போகவில்லை. இருந்த வேலை போனதால் போனேன். இங்கே நாள் முழுக்க மிஷின் சுற்றுகிறது, நான் பக்கத்தில் நின்று எண்ணைப் பார்க்கிறேன். ஒன்பது வருஷம் என் கையால் சுற்றியவள் நான்.

இதை அண்ணனிடம் சொல்லவில்லை. சொன்னால் உங்கள் காதுக்கு வரும். நீங்கள் சமையலறையில் நின்றுகொண்டு “அடடா, மன்னிச்சுக்கோடி” என்பீர்கள், நானும் பரவாயில்லை என்று சொல்ல வேண்டியிருக்கும். என் பேர் போனது சமையலறையில் இல்லை.

நூலகத்தில் என் கைப் பூச்சு வேண்டுமென்றால், அந்த நாலு அங்குலத்தில் என்ன நடந்தது என்று நீங்களே கண்டுபிடியுங்கள். கண்டுபிடித்ததை எனக்கு எழுத வேண்டாம். அந்த மன்றத்தில் எழுந்து நின்று சொல்லுங்கள். அதுவரைக்கும் மாடி அறையில் நீங்கள் துணி உலர்த்திக்கொள்ளலாம்.

நாத்தனார்

ஏப்ரல் 20

அன்புள்ள கம்பிக்கு,

உன் கடிதம் வந்து நாலு நாள் நான் யாரோடும் பேசவில்லை. உன் அண்ணன் பயந்துபோய் டாக்டரைக் கூப்பிடட்டுமா என்றார். நான் சும்மா இருந்தால் இந்த வீட்டில் அதற்குப் பேர் வியாதி.

பதினெட்டுப் பேர் சங்கதி எனக்குத் தெரியாது. தெரியாது என்பது ஒரு சமாதானமே இல்லை. உன் பட்டறையில் விளக்கு எரியாததை வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டு, இவளுக்கு வீம்பு என்று நினைத்தவள் நான். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஐந்தாம் நாள் ஒரு நோட்டை எடுத்து, மன்றத்துக்குக் கிளம்பிய அந்தக் காலையை மணி வாரியாக எழுதிப் பார்த்தேன். ஏழு மணிக்குச் சட்டத்தைத் திறந்து தூசி பார்த்தோம். எட்டு மணிக்கு நீ பட்டறைக்கு டிரான்ஸ்ஃபார்மர் எடுக்கப் போனாய். ஒன்பதுக்குத் திரும்பி வந்தாய். எட்டிலிருந்து ஒன்பது வரை நான் என்ன செய்தேன்? ‘ஒன்றுமில்லை’ என்று எழுதினேன். எழுதியதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஒன்றுமில்லை இல்லை. டேப் ஓரத்தில் உன் கரி என் கண்ணுக்குச் சரியாகத் தெரியவில்லை. நன்றாகத் தேய்த்த கரி கண்ணுக்குத் தெரியாது என்று தெரிந்தும், எதற்கும் இருக்கட்டும் என்று என் கரைசலைத் தொட்டு, சின்னத் தூரிகையால் நாலு அங்குலம் இழுத்துவிட்டேன். பிறகு தகட்டை மூடினேன். உன்னிடம் சொன்னால் குதிப்பாய் என்று சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று சொன்னால் அது உன் காதில் பூ சுற்றுவது. மறக்கவில்லை. ஃபாக்டரியில் ஒரு பலகை பூசி முடித்ததும் போகிற போக்கில் ஓரத்தைத் தொட்டுவிடுவோம், அதை யாரும் குறிப்பில் எழுத மாட்டோம். இதையும் அப்படி விட்டுவிட்டேன். நான் தொட்டதெல்லாம் எனக்குத் தப்பாகவே தெரியாது, அது என் வியாதி.

பத்துத் துண்டு எடுத்து அதே மாதிரி செய்து பார்த்தேன். கரி, மேலே செம்பு டேப், ஓரத்தில் என் கரைசல் ஒரு இழுப்பு. மூவாயிரம் வோல்ட் கொடுத்தேன். கரைசலில் இருக்கிற ஸ்பிரிட் டேப்பின் பசைக்குள் புகுந்து இளக்கிவிடுகிறது. சாயங்காலத்துக்குள் டேப் இம்மி அளவு தூக்குகிறது. அந்த இடைவெளியில் பொறி தாண்டி ஓரத்தைத் தின்கிறது. பத்தில் ஒன்பது ‘டப்’. அதே கருகல் வாசனை. கரைசல் தொடாத பத்துத் துண்டும் வைத்தேன், பத்தும் இன்னும் உயிரோடு இருக்கின்றன. உன் பூச்சு சாகவில்லை, கம்பி. நான்தான் கொன்றேன்.

நேற்று சனிக்கிழமை மன்றக் கூட்டம். தலைவரிடம் ஐந்து நிமிஷம் கேட்டு வாங்கினேன். கருகிய ஒன்பது துண்டையும் ஒரு அட்டையில் ஒட்டி எடுத்துப் போனேன். “அன்னிக்கு இடது பக்கம் அணைஞ்சதுக்கு என் நாத்தனார் காரணம்னு இதே இடத்துல நின்னு சொன்னேன். அது பொய். அவ பூச்சு மேல அவளுக்குத் தெரியாம நான் கை வச்சேன். அதனாலதான் கருகிச்சு. அவ தேய்ச்ச கரி இன்னிக்கும் எண்பத்து நாலு மெகா ஓம்ல ஓடிட்டு இருக்கு. என் கரைசல் வெயில் வந்தா படுத்துடுது” என்றேன். யாரும் சிரிக்கவில்லை. அட்டை கை மாறிப் போய் எல்லோரும் முகர்ந்து பார்த்தார்கள். கம்பிச் சுருளைத் திரும்ப வாங்கியவர் யார் என்று நீ எழுதவில்லை, ஆனால் கடைசி வரிசையில் ஒருவர் தலை நிமிரவே இல்லை.

நேற்று வந்திருந்தது முப்பத்தொரு பேர்தான். மீதி ஒன்பது பேரின் விலாசத்தைச் செயலாளரிடம் வாங்கி, தனித்தனியாக எழுதித் தபாலில் போட்டுவிட்டேன். கை வலிக்கிறது, ஆகவே இங்கே நிறுத்துகிறேன்.

மாடி அறையில் துணி எதுவும் உலரவில்லை. வருவதும் வராததும் உன் இஷ்டம். நான் கேட்கிற நிலையில் இல்லை.

அண்ணி

ஏப்ரல் 28

அன்புள்ள அண்ணிக்கு,

கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மூன்று தடவையும் அழுதேன். முதல் தடவை அழுததற்கும் மற்ற இரண்டுக்கும் காரணம் வேறு.

உங்கள் மணிக் கணக்கில் ஒரு திருத்தம் இருக்கிறது. அன்று எட்டு மணிக்குப் போனவள் ஒன்பதுக்குத்தான் திரும்பினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். நடுவில் ஒரு தடவை வந்தேன். தெருமுனை வரை போன பிறகுதான் பட்டறைச் சாவியை விட்டுவிட்டு வந்தது தெரிந்தது. சாவியை எடுத்துக்கொண்டு திரும்பும்போது உங்கள் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. நீங்கள் முதுகைக் காட்டிக்கொண்டு சட்டத்தின் மேல் குனிந்திருந்தீர்கள். கையில் சின்னத் தூரிகை.

ஸ்பிரிட் பட்டால் அந்த டேப் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஒன்பது வருஷமாக அதே டேப்பைச் சுற்றுகிறேன். கதவைத் தள்ளி “அண்ணி, அதை வையுங்க” என்று சொல்ல ஒரு நொடி போதும். சொல்லவில்லை. ஒரு சாயங்காலம் தாங்கிவிடும் என்று நினைத்தேன். தாங்காவிட்டால் உங்கள் கரைசல் பேர் ஊர் முன்னால் கெடட்டும் என்றும் நினைத்தேன். இரண்டாவது நினைப்புதான் என் வாயைக் கட்டியது. டப் என்று அணைந்ததும், நீங்கள் மைக்கைப் பிடித்ததும், கெட்டது என் பேர் என்று ஆகிப்போனது. அப்போது எழுந்து உண்மையைச் சொல்லியிருந்தால் கதவுக்கு வெளியே நின்றதையும் சொல்ல வேண்டியிருக்கும். ஆகவே கோபித்துக்கொண்டேன். எனக்கு அது வசதியாக இருந்தது. அந்த வசதியில் பதினாறு மாதம் ஓட்டிவிட்டேன்.

நீங்களாகக் கண்டுபிடிக்க மாட்டீர்கள் என்ற தைரியத்தில்தான் போன கடிதத்தில் அவ்வளவு முறுக்கினேன். கண்டுபிடித்துவிட்டீர்கள். போதாததற்கு ஒன்பது பேருக்குத் தபால் வேறு.

மே ஆறாம் தேதி காலை வண்டியில் வருகிறேன், ஒரு மாதம் லீவு. நாலு தாளையும் நானே தேய்க்கிறேன். செம்புப் பட்டை நாலு வெட்டி எடுத்து வருகிறேன், டேப்பே வாங்காதீர்கள். தேய்க்கும்போது நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள், எது கண்ணுக்குச் சரியாகத் தெரியவில்லையோ அதைக் கையால் தொடாமல் வாயால் சொல்லுங்கள். நானும் கண்ணில் பட்டதை வாயால் சொல்கிறேன். இடது ஸ்பீக்கரும் என்னோடு வருகிறது.

நான் வந்த பிறகு நடக்கிற முதல் மன்றக் கூட்டத்தில் எனக்கும் ஐந்து நிமிஷம் கேட்டு வையுங்கள். அன்றைக்கு வராதவர்களின் விலாசமும் வேண்டும்.

உங்கள் கம்பி